பெரம்பூரில் உயிர்பெற்ற இரு எஞ்சின்கள்



நீராவி எஞ்சின் ஒன்று உழைத்து ஓய்ந்தபின் அதற்குக் காத்திருப்பது பெரும்பாலும் உலைக்களமே. உடைத்து, எடை போட்டு, உருக்கி விடுவார்கள். மிகச் சிலவற்றுக்கே பீடம் கிடைக்கும். பீடம் ஏறிய எஞ்சினுக்குப் பளபளப்பாக வர்ணம் பூசுவார்கள்; பித்தளையைத் துலக்குவார்கள்; தந்தையர் தம் குழந்தைகளைத் தோளில் ஏற்றி வைத்துக் காட்டுவார்கள். ஆயினும் அது அசையாது. அவ்வாறு அசையாது நின்ற இரண்டு எஞ்சின்கள் பீடத்தினின்று இறங்கி, வயிற்றில் நெருப்பை ஏற்று, தண்டவாளத்தில் மீண்டும் ஓடின. இரண்டும் 1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. இரண்டும் மறுபடி உயிர்பெற்றது நம் சென்னையைச் சேர்ந்த பெரம்பூர்ப் பணிமனையில். அந்த வரலாற்றையும், அதனை ஒட்டி என் மனத்தில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு கேள்வியையும் இன்று தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இவற்றின் பிறப்பிடம் லீட்ஸ் நகரம். கிட்சன், தாம்ஸன், ஹியூவிட்ஸன் என்னும் மூவர் பெயரால் விளங்கிய நிறுவனம் இவற்றைச் செய்தது. வாங்கியது கிழக்கிந்திய ரெயில்வே கம்பெனி. அக்கம்பெனி ஹவுராவிலிருந்து ஹூக்ளி வரை தன் முதல் வண்டியை விட்டது 1854 ஆகஸ்டு 15-ஆம் நாள். அதற்கு முன் அது பட்ட பாடு கொஞ்சமன்று. ரெயில் பெட்டிகளை ஏற்றி வந்த கப்பல் ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரத்தருகே மூழ்கிற்று. எஞ்சினை ஏற்றிய கப்பலோ வழிமாறி ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டது! எவ்வாறோ சமாளித்து, 1855 பிப்ரவரியில் நிலக்கரி விளையும் ராணிகஞ்சு வரை பாதையைக் கொண்டு சென்றார்கள். அந்த ஆண்டிலேயே நம் இரு எஞ்சின்களும் வந்து இறங்கின. ஒன்றுக்கு 21 என்றும் மற்றொன்றுக்கு 22 என்றும் எண் இட்டார்கள். இருபத்தொன்றாம் எண்ணுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். இருபத்திரண்டாம் எண் பெயரின்றியே நாற்பது ஆண்டுகள் உழைத்தது. 1895-இல்தான் அதற்கு ‘ஃபேரி குயீன்’, அதாவது தேவதைகளின் அரசி, என்னும் பெயர் வாய்த்தது.

பெயர் பெரிதே ஒழிய உருவம் பெரிதன்று. கரியும் தண்ணீரும் நிரம்பிய நிலையில் ஃபேரி குயீனின் எடை 26 டன். சிலிண்டர்கள் இரண்டு; குறுக்களவு 12 அங்குலம், உள்ளே பிஸ்டன் ஓடும் நீளம் 22 அங்குலம். தண்ணீர்த் தொட்டி எஞ்சினின் அடிவயிற்றில் தொங்குகிறது. ஏறத்தாழ 3,000 லிட்டர் கொள்ளும். சக்கரங்கள் மூன்று இணைகள். அவற்றுள் நடுவிலுள்ள ஓர் இணையே எஞ்சினை இழுத்துச் செல்வது. அதன் உயரம் ஆறடி. முன்னும் பின்னும் உள்ளவை பாரம் தாங்குவதற்கு மட்டுமே. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். ஆகவே வேகமாகச் செல்லும் இலகுவான அஞ்சல் வண்டிக்கு இது பொருத்தம். ஆனால் பிடிப்பு முழுவதும் இரண்டே சக்கரங்களில் அடங்கிவிடுவதால், ஈரத் தண்டவாளத்தில் கனத்த வண்டியைக் கிளப்பும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். நான் 21-ஆம் எண் எஞ்சினை எழும்பூரில் ஒரே ஒரு பெட்டியுடன் கண்டபோது, ஓட்டுநர் எத்துணைப் பொறுமையோடு நீராவியைத் திறந்தார் என்பதைக் கவனித்தேன். தூங்கும் பிள்ளையைத் தூக்குபவர் போல அவர் கை நகர்ந்தது.

22-ஆம் எண், ஹவுராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே அஞ்சல் வண்டிகளை இழுத்தது. 1857-இல் சிப்பாய்களின் பெருங்கிளர்ச்சி மூண்டபோது கம்பெனிப் படைகளை ஏற்றிச் சென்றது. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம்மவர் நம்மவரை அடக்கப் புறப்பட்ட வெள்ளையர் படையை வழியனுப்பக் கண்ட இரும்பு அது. பின்னர் பீகாரில் பாதை போடும் பணியில் ஈடுபட்டது. இரண்டு எஞ்சின்களும் 1909-இல் ஓய்வு பெற்றன. 22-ஆம் எண் 34 ஆண்டுகள் ஹவுரா நிலையத்தின் வெளியே பீடத்தில் நின்றது. 1943-இல் ஐக்கிய மாகாணத்துச் சந்தௌஸியில் இருந்த ரெயில்வே பயிற்சிப் பள்ளிக்குப் போயிற்று. பின்னர் டில்லி ரெயில்வே காட்சிசாலையில் கௌரவமான இடம் பெற்றது. 21-ஆம் எண் ஜமால்பூர்ப் பணிமனையிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாக இருந்தது.

நிற்கும் எஞ்சின் அழியாது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. ஓடும் எஞ்சினைத் துடைப்பதற்கு ஆள் உண்டு. எண்ணெய் இடுவதற்கு ஆள் உண்டு. நிற்கும் எஞ்சினுக்கு வர்ணம் மட்டுமே உண்டு. ஆண்டுதோறும் வர்ணத்தின்மேல் வர்ணம் ஏறும். அதன் அடியில் துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கடைசியாக அணைத்த நெருப்பின் சாம்பலைச் சுத்தமாக வாரி எடுக்காமல் விட்டிருந்தாலோ கேடு இன்னும் அதிகம். நிலக்கரிச் சாம்பலில் கந்தகம் உண்டு. மழைக்கால ஈரம் பட்டதும் அது அமிலமாகி, அடித்தகட்டைக் காகிதம்போல அரித்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மினுமினுப்பான எஞ்சின். சுத்தியலால் தட்டிப் பார்ப்பவருக்கோ ஓட்டைப் பானை. நல்ல தகடு மணிபோல ஒலிக்கும். நைந்த தகடு பொத்தென்று ஒலிக்கும். இன்று ஒலியலைக் கருவிகளைக் கொண்டு தகட்டின் கனத்தை அளந்துவிடுகிறார்கள் என்றாலும், சுத்தியலும் காதும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

எஞ்சினின் உயிர்நிலை பாய்லர். நெருப்புப் பெட்டியில் எழும் சுவாலை, தண்ணீரின் ஊடே செல்லும் பல குழாய்கள் வழியாக ஓடிப் புகைபோக்கியை அடைகிறது. குழாய்களைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதித்து நீராவியாகிறது. அடைபட்ட அந்த நீராவியின் அழுத்தமே பிஸ்டனைத் தள்ளுகிறது. நெருப்புப் பெட்டியின் உட்சுவரும் வெளிச்சுவரும் அழுத்தத்தால் பிரிந்துவிடாதபடி, இரண்டையும் நூற்றுக்கணக்கான சிறு தண்டுகளால் இணைத்திருப்பார்கள். அவற்றுள் சில அறுந்தால் அயலிலுள்ளவற்றின்மேல் பாரம் ஏறும், அவையும் அறும், பின்னர் வெடிதான். கொதிநிலையைக் கடந்த வெப்பத்தில், அழுத்தத்தின் பிடியில் இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி அந்தக் கணத்தில் நீராவியாகப் பெருகும். கட்டடங்களையும் மனிதர்களையும் தூக்கி எறிந்த பாய்லர் வெடிப்புகள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஏராளம். எனவே பழைய எஞ்சினுக்கு உயிர் கொடுப்போர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்தப் பாய்லரை நம்பலாமா?’ என்பதே. அழகும் பெருமையும் அப்புறம்.

அந்தக் கேள்விக்கு விடை காணும் முறை எளிதானது. குழாய்களை எல்லாம் உருவி எடுத்து, உள்ளே விளக்கைச் செலுத்தி, தறையாணி ஒவ்வொன்றையும் பார்ப்பார்கள். பழுதானதை மாற்றியபின் பாய்லரைக் குளிர்ந்த தண்ணீரால் காற்றே இல்லாமல் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்துக்கும் மேலான அழுத்தத்தில் நிறுத்தி வைப்பார்கள். எங்கே வியர்க்கிறது, எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பார்கள். தண்ணீர் சுருங்கி விரியும் தன்மை மிகக் குறைவானதால், தகடு கிழிந்தாலும் அது ஒழுகுமே தவிர வெடிக்காது. அதில் தேறிய பின்னரே நெருப்பு. அந்த நெருப்பையும் மெல்ல மெல்லவே மூட்ட வேண்டும். கனத்த தகடு ஒருபுறம் சூடேறி மறுபுறம் குளிர்ந்து கிடந்தால் மூட்டுகள் விண்டுபோகும். பசித்தவனுக்குக் கஞ்சியிலிருந்து தொடங்குவது போல, குளிர்ந்த பாய்லருக்குச் சிறு தீயிலிருந்து பல மணி நேரம் தொடங்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் சுவையானது. பாய்லருக்குள் அழுத்தத்தை மீறித் தண்ணீர் செலுத்துவதற்கு ‘இன்ஜெக்டர்’ என்றொரு கருவி உண்டு. அதைப் பிரெஞ்சுக்காரரான ஜிஃபார் உருவாக்கியது 1858-இல். நம் எஞ்சின்கள் அதற்கு மூன்றாண்டு மூத்தவை. அந்தக் காலத்து எஞ்சின்களில் தண்ணீர் செலுத்திய பம்பு, எஞ்சினின் ஓட்டத்தாலேயே இயங்கியது. ஆகவே எஞ்சின் நின்றால் பம்பும் நின்றது. நிலையத்தில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால், வயிற்றில் தண்ணீர் குறையாதிருப்பதற்காகவே எஞ்சினைத் தனியே கழற்றி, பக்கத்துப் பாதையில் முன்னும் பின்னும் உலாவ விடுவார்கள்! இன்ஜெக்டர் வந்த பிறகு பழைய எஞ்சின்களிலும் அதைப் பொருத்தத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் என் கேள்வி பிறக்கிறது. 1855-இல் வந்த எஞ்சின் 1909 வரை 54 ஆண்டுகள் உழைத்தது. அத்தனை ஆண்டும் ஒரே பாய்லருடன் உழைத்த எஞ்சின் உலகில் அரிது. குழாய் தேயும், மாற்றுவார்கள். சக்கரத்தின் மேற்பட்டை தேயும்; புதுப் பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தில் மாட்டி, குளிரக் குளிர இறுகவிடுவார்கள். நம் ஊர் வண்டிக் கொல்லர் கட்டைவண்டிச் சக்கரத்துக்குச் செய்வதும் இதுவே. தாங்கிகளும், வால்வுகளும், ஏன், பாய்லர் முழுவதுமேகூட மாறும். அப்படியானால் பீடத்தில் நின்றபோதே அது 1855-இல் கப்பலிலிருந்து இறங்கிய எஞ்சின்தானா? அதை மறுபடி ஓடவிடுவதற்காக இன்னும் பல பாகங்களை மாற்றினால், ஓடுவது எந்த எஞ்சின்?

கோயில் தேருக்குச் சக்கரம் மாற்றுகிறோம், அச்சு மாற்றுகிறோம். தேர் பழைய தேரே என்கிறோம். பக்தனுக்கு அந்த விடை போதும். வரலாறு எழுதுபவனுக்குப் போதாது. அவனுக்கு ஒவ்வொரு பழைய தகடும் ஓர் ஏடு. 1855-ஆம் ஆண்டு என்பது எஃகு மலிவாவதற்கு முந்திய காலம். பெஸ்ஸமர் தம் முறையை அறிவித்தது 1856-இல்தான். அன்றைய பாய்லர்கள் சம்மட்டியால் அடித்துப் பதப்படுத்திய தேனிரும்பால் ஆனவை. அந்தத் தகட்டின் நார் எப்படி ஓடுகிறது, ஆணித்துளையை எப்படி இட்டார்கள், தொழிலாளி எந்த அடையாளத்தைப் பொறித்தான் என்பவை எல்லாம் அந்தத் தகட்டில் அன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை. தகட்டை வெட்டி எறிந்தால் ஏடு போயிற்று.

இங்கிலாந்திலும் இந்த வழக்கு உண்டு. கிட்சன் என்பவர் தம் முந்திய கூட்டாளிகளான டாட், லெயர்டு என்போருடன் சேர்ந்து 1838-இல் ‘லயன்’ என்றோர் எஞ்சினைச் செய்தார். ஒருவகையில் நம் இருவருக்கும் அது மூத்த சகோதரம். லிவர்ப்பூல் மான்செஸ்டர் பாதையில் ஓடிய அது, பின்பு லிவர்ப்பூல் துறைமுகத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினாக 1928 வரை வேலை செய்தது. மீட்டுப் புதுப்பித்து 1930-ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாவில் ஓட்டினார்கள். 1953-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் கதாநாயகன்போல நடிக்கவும் வைத்தார்கள். இன்று அது லிவர்ப்பூல் காட்சிசாலையில் நெருப்பின்றி நிற்கிறது. இதற்கு நேர்மாறானது ஃபர்னஸ் ரெயில்வேயின் இருபதாம் எண். 1863-இல் பிறந்த அது, 1870-இல் ஓர் எஃகுத் தொழிற்சாலைக்கு விற்கப்பட்டு, முதுகில் தண்ணீர்த் தொட்டி சுமக்கும் வேறு உருவம் பெற்று, 1960 வரை உழைத்தது. அதைப் புதுப்பித்தவர்கள் முதுகுத் தொட்டியை நீக்கி, புதிய பாய்லரும் கரி-தண்ணீர் வண்டியும் செய்து, 1863-ஆம் ஆண்டு உருவத்திலேயே 1999-இல் ஓட்டிவிட்டார்கள். கண்ணுக்கு மிக அழகு. ஆனால் அது ஃபர்னஸ் கம்பெனியில் இருந்தது ஏழு ஆண்டு. எஃகுத் தொழிற்சாலையில் உழைத்தது தொண்ணூறு ஆண்டு. ஏழு ஆண்டு வரலாற்றை மீட்பதற்காகத் தொண்ணூறு ஆண்டு வரலாற்றைக் கழற்றி வைத்தார்கள். இது சரியா என்றால், எனக்கு முழு உடன்பாடில்லை.

அவ்வாறாயின் நம் எஞ்சின்களைப் பீடத்திலேயே விட்டிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். அங்கேதான் பெரம்பூரின் கதை வருகிறது. சென்னை ரெயில்வே கம்பெனி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டியை விட்டது 1856 ஜூலையில். பெரம்பூர்ப் பணிமனையும் அதே ஆண்டில் தோன்றியது. ஆக, நோயாளியைவிட மருத்துவமனைக்கு ஒரு வயதுதான் குறைவு. இந்தியாவில் அகலப் பாதையில் நீராவி வண்டிகளின் அன்றாட ஓட்டம் 1995 டிசம்பர் 6-ஆம் நாள், பஞ்சாபில் ஜலந்தருக்கும் பிரோஸ்பூருக்கும் இடையே முடிவுற்றது. ஃபேரி குயீன் பெரம்பூரில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி ஓடியது 1997 ஜூலையில். இரண்டுக்கும் இடைவெளி இரண்டு ஆண்டுகூட இல்லை. இந்தத் தேதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். நீராவி எஞ்சினைக் கழற்றிப் பூட்டி வயது முதிர்ந்த கைகள் நாட்டின் பணிமனைகளில் இன்னும் இருந்த கடைசிக் காலம் அது.

கிட்சன் நிறுவனம் 1938-லேயே மூடப்பட்டுவிட்டது. உதிரிப் பாகம் வேண்டுமென்று கடிதம் எழுத முகவரி இல்லை. இல்லாத பாகத்தை, இருக்கும் பாகங்களை அளந்து ஊகிக்க வேண்டும், மரத்தில் அச்சு செய்ய வேண்டும், வார்க்க வேண்டும், கடைய வேண்டும். தாங்கியில் நீல மை தடவி, அச்சுத் தண்டைச் சுழற்றி, மை ஒட்டிய மேட்டைச் சுரண்டி, மீண்டும் தடவி, மீண்டும் சுரண்டி, முழுப்பரப்பும் ஒன்றுபோல் பொருந்தும்வரை செய்யும் வேலையைப் புத்தகத்தில் படித்துக் கற்க இயலாது. மூத்த ஃபிட்டரின் பக்கத்தில் நின்று, அவர் திட்டும்போது கையைத் திருத்திக்கொண்டு கற்பது அது. எஞ்சினை ஓடவிடாமல் பீடத்தில் வைத்தால் இரும்பு மிஞ்சும். அந்தக் கை மிஞ்சாது. நீலகிரி மலைப்பாதை இன்றளவும் நீராவியை விடாதிருப்பதால்தான் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அந்த வித்தை உயிரோடு இருக்கிறது; அங்கே மலைப்பாதைக்கான நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டினார்கள்.

1997-இல் புறப்பட்ட ஃபேரி குயீன், டில்லி கன்டோன்மென்ட்டிலிருந்து ராஜஸ்தானத்து ஆல்வார் வரை 143 கிலோமீட்டர் பயணிகளை ஏற்றிச் சென்றது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாது. முறையாக ஓடும் நீராவி எஞ்சின்களுள் உலகிலேயே பழமையானது என்று 1998-இல் கின்னஸ் நூலில் இடம் பெற்றது. 21-ஆம் எண், நூற்றோராண்டு மௌனத்துக்குப் பின், அதே பெரம்பூரில் உயிர்பெற்று, 2010 ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை ஓடியது. கிழக்கிந்திய ரெயில்வே தன் முதல் வண்டியை விட்ட அதே ஆகஸ்டு 15. இடையே 156 ஆண்டுகள், அந்தத் தேதிக்கே வேறொரு பொருளும் வந்துவிட்டது.

பெருமைதான். இருப்பினும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே ஆண்டு, ஒரே தொழிற்சாலை, அடுத்தடுத்த எண். இப்படி ஓர் இணை நமக்கு வாய்த்தது பெரும் பேறு. ஒன்றை ஓடவிட்டு, மற்றொன்றை ஓர் ஆணியும் தொடாமல் உலர்ந்த கூடத்தில் வைத்திருந்தால், கையின் வித்தையும் காத்திருக்கும், இரும்பின் ஏடும் காத்திருக்கும். நாம் இரண்டையுமே ஓட்டினோம். போதாக்குறைக்கு, 2011-இல் திருடர்கள் ஃபேரி குயீனிடம் புகுந்து பாகங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். செம்பும் பித்தளையும் எடைக்கு விலைபோகும் பொருள்கள். அவற்றின் வயதைத் தராசு காட்டாது. எஞ்சின் மறுபடியும் பெரம்பூருக்கு வந்தது. பல பாகங்களை முற்றிலும் புதிதாகச் செய்து பூட்டினார்கள். 2017-இல் அது டில்லியிலிருந்து ரேவாரிக்கு ஓடியபோது அதைப் பார்த்து மகிழ்ந்தவர்களுள் எத்தனை பேருக்கு, தாம் தொட்ட பாகம் லீட்ஸில் செய்ததா பெரம்பூரில் செய்ததா என்று தெரிந்திருக்கும்?

பெரம்பூரில் செய்தது என்பதில் குறைவு ஒன்றும் இல்லை. என் நோக்கில் அதுவும் வரலாறே. இன்னும் நூறாண்டு சென்றபின் வருபவனுக்கு அது 1855-ஆம் ஆண்டுத் தகட்டுக்குச் சமமான ஏடு. அவன் இரண்டையும் பிரித்தறிய வழி வேண்டும், அவ்வளவே. புதிதாகச் செய்யும் ஒவ்வொரு பாகத்திலும், வெளியே தெரியாத ஒரு மூலையில், செய்த ஆண்டையும் பணிமனையின் பெயரின் முதலெழுத்தையும் அடித்து வைக்கலாம். கழற்றிய பழைய பாகத்தை, எவ்வளவு நைந்ததானாலும், பழைய இரும்பாக ஏலத்துக்கு அனுப்பாமல், எண்ணிட்டு ஓர் அலமாரியில் வைக்கலாம். முன்னதற்கு ஓர் எண் அச்சும் ஒரு சுத்தியலும் போதும். பின்னதற்கு ஓர் அறையும் அதன் சாவியைப் பொறுப்பாக வைத்திருக்கும் ஓர் ஆளும் போதும்.